மச்சுப் பலகையில் இரண்டு மிதி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆனி மாதம், சின்னமனூரில் நடந்தது இது. எங்கள் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் காற்று ஆளைத் தூக்கும். கொடியில் துணி நிற்காது, கல்லை முட்டுக் கொடுக்காமல் கதவு நிற்காது. அந்த மாதத்தில் போய் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் பார்த்த முகூர்த்தம், நம் பேச்சு எங்கே எடுபடும்? மண்டப வாசலில் பந்தல் போட வந்தவர் மட்டும் அப்பா காதில் விழும்படி முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று காலையில் கூட்டம் நெருக்கும். மதியத்துக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் பாட்டு செய்வேன். பாடவும் தெரியாது, வாத்தியமும் தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒலிகளைக் கோத்துச் செய்கிற எலக்ட்ரானிக் இசை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. "கல்யாணம் ஆன பொம்பள, புருசன் வெளியூர்ல வேலை பாக்குறாருன்னு இப்படி டிங்கு டிங்குன்னு தட்டிக்கிட்டுக் கெடக்கா" என்று சித்தி ஒருத்தி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உண்மையில் டிங்கு டிங்கென்றுதான் தட்டிக்கொண்டிருந்தேன்.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் கருவி வைத்துப் பார்த்தார்கள். அது அவளுக்குக் கூச்சலை மட்டும்தான் கொடுத்தது. கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வந்து தையல் கற்றுக்கொண்டாள். அப்போதே அவள் கையால் தைத்த ஜாக்கெட்டுக்காக மார்க்கையன்கோட்டையிலிருந்தெல்லாம் ஆள் வரும். கோபம் வந்தால் கையை வேகமாக ஆட்டிப் பேசுவாள். வீட்டில் அவளிடம் எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான்.

எங்கள் வீடு பழைய மச்சு வீடு. மேல்தளம் முழுக்க மரப்பலகை. அங்கேதான் தங்கை மோட்டார் மெஷினைப் போட்டுத் தைப்பாள். அவளைக் கூப்பிட எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படி ஏறிப் போய், பலகை தொடங்குகிற இடத்தில் நின்று, குதிகாலால் இரண்டு முறை மிதிக்க வேண்டும். வா என்று அர்த்தம். பலகை வழியாக அது அவள் பாதத்துக்குப் போய்விடும். உடனே திரும்பிப் பார்ப்பாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அம்மா தையல் முடிகிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் மிதிப்பார். நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். இதைப் பற்றி யாரும் எதுவும் யோசித்ததில்லை.

மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. கம்பத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான் இரண்டு பேரும். நிச்சயம் முடிந்த வாரத்தில் தங்கை என் கடைக்கு வந்தாள். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரவேற்பில் நாங்கள் இருவரும் ஆடப்போகிறோம், நீதான் பாட்டு செய்து தர வேண்டும் என்று கையால் சொன்னாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆடுவார்கள், கைதட்டு பறக்கும். மேடைக்குக் கீழே டீச்சர் நின்றுகொண்டு தாளத்துக்குக் கையை ஆட்டுவார். பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்து ஆடுவார்கள். ஆட்டம் முழுக்கக் கண் டீச்சர் மேலேயே இருக்கும், பக்கத்தில் ஆடுகிறவளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்றாள். என் கல்யாணத்தில் நான் அவரைப் பார்த்து ஆட வேண்டும், ஒரே ஒரு தடவை யார் கையையும் பார்க்காமல் ஆட வேண்டும் என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல? சரி என்று தலையை ஆட்டினேன். என் பாட்டு எதையுமே கேட்டிராத ஒருத்தி என்னிடம் பாட்டு கேட்டுவிட்டாள், அவள் போனதும் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

பாட்டை ஆசை ஆசையாகச் செய்தேன். கல்யாண மேளத்தின் நடையை எடுத்து, அதை எலக்ட்ரானிக் அடியாக மாற்றி, மேலே தறியில் பாவு விரித்த மாதிரி நீளமான ஒலிகளைப் போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கடைசி வேலையில்தான் கோட்டை விட்டேன்.

பாட்டு செய்து முடித்து வெளியே அனுப்புவதற்கு முன்னால் செய்கிற கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். அதில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. ஒலி எவ்வளவு உயரம் போகலாம் என்று அது ஒரு கோடு போடும். அதைத் தாண்டி எது எகிறினாலும் தலையில் தட்டி உட்கார வைக்கும். உண்மையில் அது காவல் வேலை. ஆனால் என்னைப் போல வீட்டில் பாட்டு செய்கிறவர்கள் அதை வேறு ஒன்றுக்கும் வைத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே போனால், மெதுவான இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஆரம்பம் முதல் முடிவு வரைக்கும் முழுச் சத்தம். திரையில் பார்த்தால் சாதாரணப் பாட்டு மேகமலை மாதிரி ஏறி இறங்கித் தெரியும். லிமிட்டரில் நசுக்கிய பாட்டு சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். முன்பு ஒரு பாட்டை இணையத்தில் போட்டபோது, சத்தம் பத்தலையே என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த ரோஷத்தில் அன்றிலிருந்து எனக்குச் சோப்புக்கட்டிதான்.

தங்கையின் பாட்டுக்கு இன்னும் ஒரு படி மேலே போனேன். கேட்கிறவர்களுக்கே இவ்வளவு சத்தம் வேண்டும் என்றால், கேட்காதவளுக்கு எவ்வளவு வேண்டும்? இதுதான் என் கணக்கு. சந்தேகம் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கடைசியில் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது, கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு அதில் பெருமை வேறு.

வரவேற்புக்கு முந்தின நாள் காலை மண்டபத்தில் ஒத்திகை வைத்துக்கொண்டோம். உத்தமபாளையம் பக்கத்திலிருந்து மைக் செட்காரர் வந்திருந்தார். ராயப்பன்பட்டித் திருவிழாவுக்கெல்லாம் செட் போடுகிறவர், ஐம்பது வயது இருக்கும். கனத்த அடியை அதிர விடுகிற பேஸ் பாக்ஸ், ஆள் உயரத்தில் இரண்டு வைத்திருந்தார். அவற்றைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தாலே தெரியும், பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார் என்று. தங்கையும் மாப்பிள்ளையும் வெறுங்காலோடு மேடையில் நின்றார்கள். பாட்டைப் போடச் சொன்னேன்.

மண்டபமே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். "யாத்தே, கும்முனு இருக்கு தங்கச்சி!" என்று செட்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் மேடையைப் பார்த்தேன்.

தங்கை அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், நிறுத்தினாள். பாதத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். இருவரும் வேறு வேறு நேரத்தில் காலை எடுத்து வைத்து ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, அச்சகத்தில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது நடுவில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கையால் காட்டினார். எனக்குப் பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடைக்குக் கீழே ஓடிப் போய்த் தாளத்துக்குக் கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டேன்.

தங்கை அதைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கையைக் கீழே இறக்கு என்று ஒரே ஒரு சைகை. மேடையை விட்டு இறங்கி மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் போனில் செய்தி வந்தது. "விடுக்கா. மாலையோட நிக்கிறேன். அது போதும். உன் மேல கோவம் இல்ல." கோபம் இல்லை என்று எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆற்றியிருப்பேன்.

மதியம் வீட்டுக்கு வந்தோம். அவள் யாரையும் பார்க்காமல் மச்சுக்கு ஏறிப் போய்விட்டாள். நாளைக்குத் தாலி கட்டிக்கொள்ளப்போகிறவள், யாருடையதோ ஒரு ஜாக்கெட்டை எடுத்து வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். கீழே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அதற்குள் செய்தி பரவியிருந்தது. "காது கேக்காத புள்ளைக்குப் பாட்டு எதுக்குன்னு நான் அன்னைக்கே கேட்டேன். யாரு கேட்டாக?" என்று சித்தி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். சரியாகத்தான் கேட்டிருக்கிறாரோ என்று எனக்கே தோன்றியது, அதுதான் வேதனை.

அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "ஆத்தா, நீ போயி அவளக் கூட்டிட்டு வா. நான் போனா அழுதுருவேன்" என்றார்.

படி ஏறினேன். வெளியே காற்று கூரை ஓட்டைப் பிடுங்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். யோசனையில் இருந்தேனோ என்னவோ, மெஷின் ஓடும்போதே மிதித்துவிட்டேன். அவள் திரும்பவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன். கீழேயிருந்து யாரோ "மேல என்னத்த உருட்டுறாக?" என்று கேட்கிற அளவுக்கு மிதித்தேன். அவள் அசையவில்லை. மோட்டார் ஓடும்போது பலகை முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும், அதில் மிதி எங்கே தெரியும்? வழக்கம்போல நின்றேன். தையல் முடிந்தது, மெஷின் நின்றது. மெதுவாக, வெறும் குதிகாலால் இரண்டு மிதி மிதித்தேன்.

சட்டென்று திரும்பினாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆள் உயரப் பாக்ஸ் இரண்டும் சேர்ந்து செய்ய முடியாததை என் குதிகால் செய்திருக்கிறது. அதுவும் மெதுவான மிதி. அதற்கு முன்னால் பலகை சும்மா இருந்தது, அவ்வளவுதான் விஷயம். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? பாட்டில் அடி விழுகிற இடத்தையெல்லாம் லிமிட்டர் தட்டி உட்கார வைத்துவிட்டது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியையெல்லாம் தூக்கி நிரப்பிவிட்டது. பாட்டு முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு எப்போதோ தெரிந்தது, என் புத்திக்கு மட்டும் எட்டவில்லை.

தங்கை என்ன என்று கேட்டாள். நான் கீழே ஓடிப் போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சாப்பிடக் கூப்பிடப் போனவள் சாப்பாட்டைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பலகையிலேயே உட்கார்ந்து பாட்டைத் திறந்தேன். முதலில் லிமிட்டரை அணைத்தேன். சோப்புக்கட்டி மறுபடியும் மலையானது. அடிக்கும் அடிக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த ஒலிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஆசை ஆசையாகப் போட்டவை. வெட்டும்போது கை கூசியது. அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. போனைப் பலகை மேல் குப்புற வைத்து, பதிவை ஓடவிட்டு, மிதித்தேன். தங்கை முதலில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு என்ன செய்கிறேன் என்று புரிந்ததும் மெஷினை விட்டு இறங்கி வந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டாள். இப்படி இல்லை, இன்னும் குதிகாலில் என்றாள். மிதித்தேன். மறுபடி என்றாள். அப்புறம் என்னை நகரச் சொல்லிவிட்டு அவளே மிதித்துக் காட்டினாள். வரவேற்புக்குப் பாட்டு செய்கிறவள் நானா அவளா என்று ஆகிவிட்டது.

அவள் காட்டியபடி மிதித்துப் பதிவு செய்த என் மிதியின் சத்தத்துக்கு அடியில் ஒரு கனத்த ஒலியைச் சேர்த்து, பாட்டில் இருந்த அடிகளை எடுத்துவிட்டு இதை வைத்தேன். பாட்டின் தொடக்கத்தில் வேறு எதுவுமே இல்லாமல் இரண்டு மிதி. அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. அப்புறம் பாட்டு. சின்ன ஸ்பீக்கரைப் பலகையில் கவிழ்த்து வைத்துப் போட்டேன். தங்கை கண்ணை மூடிக்கொண்டு கையைத் தரையில் வைத்திருந்தாள். மூன்றாவது நான்காவது அடியில் அவள் தலை ஆட ஆரம்பித்தது. தாளம் பிசகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து பார்த்து, அழாதே, தரை ஆடுகிறது என்று கிண்டல் செய்தாள். கடைசியில் லிமிட்டரை மறுபடியும் போட்டேன். ஆனால் இந்த முறை வெறும் காவலுக்கு. எல்லாவற்றையும்விட உயரமான அடி வந்தால் மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு விடும்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போய்ச் செட்காரரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். போட்டார். முகத்தைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, காலைல அம்புட்டு நல்லா இருந்துச்சு. இப்ப சவசவன்னு இருக்கு?" என்றார். தரையில் கை வைத்துப் பார்த்தேன். அடி வந்தது, ஆனால் பொத்திக்கொண்டு வந்தது. மச்சில் இருந்த உதைப்பு இல்லை. செட்டில் ஏதாவது லிமிட்டர் இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன்.

"இல்லாம? போன தடவ ஒரு டிஜே பய வந்து என் பாக்ஸக் கருக்கிட்டுப் போயிட்டான். அன்னையில இருந்து லிமிட்டர இறக்கி வச்சுப் பூட்டியே போட்டுருக்கேன். யாரு கேட்டாலும் தெறக்க மாட்டேன்" என்றார்.

திறக்கச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றார். கெஞ்சினேன். "பாக்ஸு போச்சுன்னா என் பொழப்பே போச்சு. ஒரு பாட்டுக்காக ஏன் தங்கச்சி இப்படி நிக்கிற?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, யாருக்காக என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. காலையில் பொண்ணு ஆடாமல் போனதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது அண்ணே, கால் வழியாகத்தான் பாட்டு போக வேண்டும், யார் கையையும் பார்க்காமல் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று சொன்னேன்.

அவர் பாக்ஸைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றுகொண்டு, பாட்டைப் போடு என்றார். பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இது சிமெண்டுத் தரை தங்கச்சி. இதுல நீ பீரங்கி வச்சு அடிச்சாலும் காலுக்கு வராது" என்றார். "பந்தக்காரர்ட்ட பலகை கெடக்கு. அத இங்கன விரிச்சு, பாக்ஸ அதுமேலயே ஏத்திருவோம்." அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, ஆம்ப்ளிபயர் பெட்டியைத் திறந்தார். "ஏத்தி விடுறேன். ஆனா பாட்டு முடியிற வரைக்கும் என் கை இதுமேலதான் இருக்கும். கருகுற வாட வந்துச்சுன்னா இறக்கிப்புடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா காதில் விழும்படி முணுமுணுத்த அதே பந்தல்காரர், வாயைத் திறக்காமல் தன் ஆட்களை விட்டுப் பலகைகளை அடுக்கிக் கொடுத்தார். அவை ஆடாமல் இருக்கக் கட்டையெல்லாம் கொடுத்து நிமிர்த்தினார். இருட்டுவதற்குள் மேடை எங்கள் மச்சு மாதிரியே ஆகிவிட்டது. பலகை போட்டதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு முறை அவளை ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை. மண்டபத்திலும் பாட்டு சரியாகிவிட்டது, நாளைக்கு மேடையில் ஏறி நில், பிடித்தால் ஆடு, பிடிக்காவிட்டால் மாலையோடு நில் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் வரவேற்பு. மண்டபம் நிறைந்திருந்தது. தங்கை அவளே தைத்த ஊதா நிற ஜாக்கெட்டில் மேடையில் நின்றாள். பரிசு கொடுக்கிற கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் செட்காரருக்குக் கண்ணைக் காட்டினேன். முதல் பந்திக்கு எல்லாரும் கூப்பிட்டும் அவர் போகவில்லை. ஒரு கையை ஆம்ப்ளிபயர் மேல் வைத்துக்கொண்டு, மூக்கை அதன் பக்கமாகவே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேண்டுமென்றே மேடைக்கு எதிரில் நிற்காமல் கூட்டத்தின் கடைசிக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு மிதி விழுந்தது.

தங்கை பழக்கத்தில் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யார் கூப்பிட்டது என்று தேடினாள். வீட்டில் மச்சில் திரும்புவாளே, அதே திரும்பல், அதே முகம். பின்னால் யாரும் இல்லை, பூ அலங்காரம்தான் இருந்தது. அந்தச் சின்ன அமைதிக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். பாட்டு தொடங்கியது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே, முதல் அடியில் காலை வைத்தாள்.

"என்ன செட்டுப் போட்டுருக்காக, சத்தமே வரல?" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் குறைப்பட்டார். காலைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போய் நின்று பாருங்கள் என்று சொல்ல நினைத்து, செருப்பை என்பதற்குப் பதில் காலை என்று உளறிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் இருந்த நிலையில் அதுவே பெரிது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சித்தி, வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத் தேடக்கூட இல்லை. வாழ்க்கையில் அவள் என்னைப் பார்க்காமல் இருந்ததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பாட்டு முடிந்ததும் செட்காரர் பாக்ஸை மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல" என்று என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். கும்பிட்டேன். "அதெல்லாம் எதுக்கு? அந்தப் புள்ள திரும்பிப் பாத்துச்சு பாரு, எனக்கே உடம்பு சிலுத்துப் போச்சு" என்றார். கடைசிப் பந்தியில் நானே அவருக்கு இலை போட்டு, பாயசத்தை மறுபடி மறுபடி ஊற்றினேன். போதும் போதும் என்று கையால் இலையை மறைத்துக்கொண்டே சாப்பிட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் காலுக்காக அவர் தன் பிழைப்பான பாக்ஸைப் பணயம் வைத்ததற்கு, ஒரு பாயசம்தான் என்னால் முடிந்தது.

தங்கை இப்போது மார்க்கையன்கோட்டையில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு டைல்ஸ் போட்ட வீடு, மிதித்தால் ஒன்றும் தெரியாது. கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே மாப்பிள்ளை அவள் மெஷின் போட்டிருக்கிற அறைக்குப் பலகை அடித்துவிட்டார். நான் போனால் வாசல் மணியைத் தொடுவதில்லை. நேராக அந்த அறை வாசலுக்குப் போய், மெஷின் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, இரண்டு மிதி மிதிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்றைக்கும் மதியத்துக்கு மேல் பாட்டு செய்கிறேன், இன்றைக்கும் கடைசியில் லிமிட்டரின் குமிழில் கை வைக்கிறேன். இன்னும் கொஞ்சம் ஏற்று என்று பழைய ரோஷம் காதில் ஓதும்போதெல்லாம், பாட்டை நிறுத்திவிட்டு, கடைத் தரை சும்மா கிடக்கிறதை ஒரு நிமிஷம் கேட்டு, என் தங்கை இதற்குத் திரும்பிப் பார்ப்பாளா என்று மட்டும் யோசித்துக்கொண்டு கையை எடுத்துவிடுகிறேன்.